மெதுவாகப் பறந்தாலும் விழாது!

விமானம் தரையிறங்கும்போது, இறக்கைக்குப் பக்கத்து ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். இறக்கையின் பின்விளிம்பில் இருந்து அகலமான தகடுகள் மெல்ல வெளியே நீண்டு, கீழ்நோக்கி வளையும். இவற்றுக்கு, 'ப்ளாப்' என்று பெயர். இவை எதற்கு?

இறக்கையைச் சுற்றிக் காற்று வேகமாகப் பாய்வதால்தான் விமானத்துக்குத் தூக்குவிசை கிடைக்கிறது. ஆனால், ஓடுபாதை முடிவதற்குள் நிற்க வேண்டுமே! அதனால், மெதுவாகத்தான் இறங்க வேண்டும். வேகம் குறைந்தால் தூக்குவிசையும் குறையும். அதைச் சரிக்கட்ட, விமானத்தின் மூக்கை உயர்த்த வேண்டும். அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கையின் மேல் ஒட்டிச் செல்லும் காற்று, விலகிச் சிதறிவிடும்; தூக்குவிசை சட்டென்று சரியும். இதுதான், 'ஸ்டால்!' இன்ஜின் நன்றாக ஓடினாலும் இந்த ஆபத்து வரலாம்.

ப்ளாப் நீண்டதும் இறக்கையின் பரப்பும், வளைவும் கூடுகின்றன. அதனால், குறைந்த வேகத்திலும் போதிய தூக்குவிசை கிடைக்கும். ஆனால், காற்றின் தடையும் அதிகரிக்கும். அதை வெல்ல இன்ஜின் கூடுதலாக உந்த வேண்டும்.

இன்ஜின் உந்தாவிட்டால்?

2008 ஜனவரி 17ல், அப்படித்தான் நடந்தது. பீஜிங்கில் இருந்து 152 பேருடன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 விமானம், லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தை நெருங்கியது. தரைக்கு மேலே, 720 அடி உயரத்தில், இரண்டு இன்ஜின்களும் போதிய உந்துவிசை தர மறுத்தன. எரிபொருள் பாதையைப் பனிக்கட்டி அடைத்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. வேகம் மணிக்கு, 200 கி.மீ., வரை குறைந்து, ஸ்டால் ஆபத்து நெருங்கியது.

கேப்டன் பீட்டர் பர்க்கில் ஒரு முடிவெடுத்தார். ப்ளாப்பை, 30 என்ற நிலையில் இருந்து 25க்கு, ஒரே ஒரு படி மடக்கினார். காற்றின் தடை குறைந்ததால், விமானம் சுமார், 50 மீட்டர் கூடுதலாகப் பறந்தது. வழியில் இருந்த ஆன்டெனா கம்பங்களைத் தாண்டி, ஓடுபாதைக்கு முன்னால் இருந்த புல்தரையில் மோதி நின்றது. சிலருக்குக் காயம், 152 பேரும் உயிர் தப்பினர்.

அவர் ப்ளாப்பை முழுவதும் மடக்கியிருந்தால், காற்றின் தடை இன்னும் குறைந்திருக்கும். ஆனால், அந்த வேகத்தில் தூக்குவிசை போதாமல், விமானம் வானத்திலேயே ஸ்டால் ஆகியிருக்கும். ஒரு படியோடு நிறுத்தியதுதான், அத்தனை பேரையும் காப்பாற்றியது!