நடுங்கும் கையும் நலியும் என்பும்

எனக்கு எழுத்தறிவித்த ஆசான் ஒருவரின் கையெழுத்து, முதுமையில் வரவர நுணுகிப் போயிற்று, கையும் நடுங்கிற்று. நாங்கள் அந்நடுக்கத்துக்கே கவன்றோம். அவரைப் படுக்கையிற் கிடத்தியதோ நடுக்கமன்று. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முறிந்த தொடையென்பு. முன்னரே அறிந்திருப்பின் தடுத்திருக்கலாமே என்னும் ஏக்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில வைத்தியர் விரித்துரைத்தமையால், இந்நோய் அவர் பெயரைப் பெற்றது. ஆயுள்வேதத்தார் கம்பவாதம் என்பர். மூளையில் டோபமீனைச் சுரக்கும் கலங்கள் அழிவதால் தசை விறைக்கிறது, நடை குறுகுகிறது, சமநிலை தவறுகிறது.

என்பு நலிவதற்கும் இந்நோய் வழிசெய்கிறது. பாரம் தாங்கி உழைத்தாலன்றி என்பு உரம் பெறாது. நடமாட்டம் குறையவே அது தேய்கிறது. வீட்டினுள் முடங்கியவர் மேனியில் வெயில் படாமையால் விற்றமின் டி குறைகிறது. அது குறைந்தால் உண்ட கல்சியமும் உடலிற் செவ்வனே சேராது. எனவே, அடிக்கடி விழுபவருக்கே எளிதில் முறியும் என்பும் வாய்க்கின்றது.

பிற்காலத்தில் இந்நோயுற்றவர் என உலகறிந்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், 1994 ஏப்ரலில், தம் 73ஆம் வயதில், குளியலறையில் விழுந்து தொடையென்பு முறிந்தார். 1995 ஜனவரியில் அவர் கொழும்புக்கு வந்த பயணத்தில் ஊன்றுகோல் துணையாயிற்று. மாளிகையாயினும் குடிசையாயினும் ஈரத் தரை ஒன்றே.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய நம் கடலோர ஊர்களில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வாப்பாவையும் உம்மாவையும் முற்பகலிற் சிறிது நேரம் முற்றத்தில் நடக்கச் செய்யுங்கள். முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எருமைத் தயிர், எள்ளு ஆகியவை கல்சியம் நிறைந்தவை. லெவோடோபாக் குளிசையை உணவுக்கு அரைமணி முன்னர் விழுங்குவது நன்று. மீன், இறைச்சி ஆகியவற்றின் புரதம் அதனை உடல் ஏற்பதைத் தடுக்கக்கூடும். அதற்காகப் புரதத்தையே விலக்கின் தசையும் என்பும் மெலியும்.

எழுந்தவுடன் இரத்த அமுக்கம் இறங்கித் தலைசுற்றுவதுண்டு. ஆதலின் இருந்து, நின்று, பின்னரே நடத்தல் வேண்டும். குளியலறையிலும் தொழுகைக்குக் கைகால் கழுவுமிடத்திலும் கைப்பிடியும், இரவில் விளக்கும் அமையுங்கள். எழுந்தமர இயலாதார் இருந்து தொழ மார்க்கம் இடந்தருகிறது. ஒருமுறை விழுந்தாலும் வைத்தியரிடம் கூறுங்கள்; என்பின் அடர்த்தியை அளந்து மருந்தளிக்க வழியுண்டு.

பழைய மாணவர்களே! கைபிடித்து எழுதக் கற்பித்தோர், இன்று நம் கைபிடித்து நடக்கும் வயதினர். அவர்கள் விழுமுன் சென்று காண்போமாக.