ஆகாரும் நம் பங்குப் பெண்களும்

மறைக்கல்வி பயிலும் நம் பிள்ளைகள் ஆபிரகாமையும் சாராளையும் அறிவர். ஆகாரை அறிந்தவர் சிலரே. எகிப்து நாட்டு அடிமைப்பெண்ணாகிய அவள், தலைவியின் விருப்பப்படி தலைவனுக்கு மகனைப் பெற்றுக் கொடுத்தாள். பின்னர் அம்மகனோடு பாலைநிலத்துக்குத் துரத்தப்பட்டாள். எனினும், தன்னைக் காண்கிறவர் என்று கடவுளுக்கே பெயர் சூட்டியவள் அவள்.

இந்த ஆகாரை மையமாக வைத்து, அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலார் தெலோரஸ் வில்லியம்ஸ் 1993-இல் ஒரு நூல் எழுதினார். கறுப்பின ஆண்கள் இனவிடுதலையைப் பேசினர். வெள்ளையினப் பெண்கள் பெண்ணுரிமையைப் பேசினர். இருசாராரும் கறுப்பினப் பெண்ணைக் காணவில்லை என்பது அவர் வாதம். பிறர் சுமையைச் சுமப்பதே புனிதம் என்று அவளுக்குப் போதித்ததையும் அவர் கண்டித்தார். சிலுவை மீட்பைப் பற்றி அவர் எழுதியவை அனைத்தையும் நான் ஏற்பதற்கில்லை. ஆயினும் அந்தக் கண்டனம் நம் பிரசங்க மேடைகளுக்கும் பொருந்தும்.

அதற்கு ஓராண்டு முன்னரே, 1992-இல், நம் தமிழகத்தில் பாமாவின் 'கருக்கு' வெளிவந்துவிட்டது. தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டாற்றும் ஆவலில் கன்னியர் மடம் புகுந்து, அங்கும் சாதி நிலவக்கண்டு வெளியேறியவரின் தன்வரலாறு அது. பனங்கருக்கைப்போல இருபுறமும் அறுக்கும் நூல். 1994-இல் வந்த 'சங்கதி'யோ, வயலில் ஆணைவிடக் குறைந்த கூலிக்கு உழைத்து, வீட்டில் அடியும் வாங்கும் பெண்களின் கதை. இவற்றைப் படித்து முகஞ்சுளித்தவர்கள் நம்மிடையே உண்டு; படியாமலே சுளித்தவர்கள் அவர்களினும் அதிகம்.

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் கொல்லையில் களையெடுத்துவிட்டு, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் திருமுன் முழந்தாளிடும் தலித் கிறிஸ்தவப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். வீரமாமுனிவர் எழுப்பிய அத்திருத்தலத்தில் அவளுக்கு அடைக்கலம் உண்டு. சட்டத்தில்? 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. எனவே பட்டியல் சாதிப் பெண்களுக்கென ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிக்கு, அதே தெருவில் வாழும் இந்து உறவுக்காரி நிற்கலாம்; இவள் நிற்கவியலாது. ஊராரோ, இவளது திருமுழுக்கைக் கண்டு சாதியை மறந்தாரில்லை.

அரசாணையை மாற்றுவது நம் கையில் இல்லை. பங்குப் பேரவையில் அவளுக்கோர் இருக்கை அளிப்பதும், கல்லறைத் தோட்டத்தில் அவள் தாய்க்கெனத் தனி மூலை ஒதுக்காதிருப்பதும் நம் கையில்தான் உள்ளன.