வானூர்தி நெகிழ்குழாய் இணைப்பி

வானூர்தி நெகிழ்குழாய் இணைப்பி என்பது எரிபொருள், உயவு எண்ணெய் போன்ற நீர்மங்களைக் கொண்டு செல்லும், ஹோஸ் எனப்படும் நெகிழ்குழாயைப் பொறியுடனோ பிற கருவிகளுடனோ கசிவின்றி இணைக்கும் உலோக உறுப்பாகும். தொழிற்சாலை வானூர்திகளில் எவ்விடத்தில் எந்த இணைப்பி வர வேண்டும் என்பதை உற்பத்தியாளரே வரையறுத்து விடுகிறார். தனிநபர் தாமே கட்டும் வானூர்திகளில் இம்முடிவு பெரும்பாலும் கட்டுபவரைச் சார்ந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை வானூர்திகளின் விபத்துகளில் பொறித்தொகுதிப் பழுதை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது.

பொறி இரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் உடற்பகுதியிலிருந்து தனித்து அதிர்கிறது. இவ்விரண்டையும் விறைப்பான உலோகக் குழாயால் இணைத்தால் அது நாளடைவில் களைப்புற்று வெடிக்கும். ஆகவே இவ்விடைவெளியில் நெகிழ்குழாய் இன்றியமையாதது.

அளவு முறை

வானூர்தித் துறையில் பரவலாக வழங்குவது ஏ.என். முறையாகும். இது அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் இணைந்து வகுத்த தரமாகும். இதில் அளவெண், பொருந்தும் உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்காகக் குறிக்கும். எண் 4 என்பது கால் அங்குலம் (6.35 மி.மீ.), எண் 6 என்பது முக்கால் அங்குலத்தின் பாதி (9.5 மி.மீ.), எண் 8 என்பது அரை அங்குலம் ஆகும். அலுமினிய இணைப்பிகள் நீல நிறத்திலும் எஃகு இணைப்பிகள் கறுப்பு நிறத்திலும் வரும்.

கோணமும் மரையும்

ஏ.என். இணைப்பியின் கூம்பு முகம் 37 பாகைக் கோணம் உடையது. தானுந்துக் கடைகளில் கிடைக்கும் விரிவாய் இணைப்பிகள் பெரும்பாலும் 45 பாகை உடையவை. கால் அங்குல, அரை அங்குல அளவுகளில் இவ்விரு வகைகளின் மரையும் ஒன்றே என்பதால் ஒன்றின் மேல் மற்றொன்று தடையின்றி ஏறிவிடும். ஆனால் முகங்கள் முழுமையாகப் பொருந்தாமல் மெல்லிய கோடு ஒன்றில் மட்டுமே தொடும். இத்தகைய இணைப்பு தரையில் கசியாதிருந்து அதிர்வின்போது கசியக் கூடும்.

பொறியின் உடலில் உள்ள துளைகள் பல, என்.பி.டி. எனப்படும் அமெரிக்கக் கூம்பு மரை உடையவை. இந்தியாவின் வன்பொருள் கடைகளில் மிகுதியாகக் கிடைப்பதோ பி.எஸ்.பி. எனப்படும் பிரித்தானிய மரையாகும். முன்னதன் மரைக் கோணம் 60 பாகை. பின்னதன் கோணம் 55 பாகை. அரைக்கால் அங்குல அளவில் அங்குலத்திற்கு முறையே 27, 28 மரைகள் உள்ளன. வேறுபாடு சிறிதாகையால் சில சுற்றுகள் ஏறி இறுகியது போலத் தோன்றும். இதனைக் கண்ணால் பார்த்து நம்பாமல் மரை அளவியால் சோதித்தல் வேண்டும்.

அடைப்புப் பசை கூம்பு மரைக்கு மட்டுமே உரியது. 37 பாகை முகத்தில் பூசக் கூடாது. டெப்லான் நாடாவை எரிபொருள் வழியில் சுற்றுவது தவறாகும். அதன் துணுக்குகள் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும்.

பொருளும் தீக்காப்பும்

தீத்தடுப்புச் சுவருக்கு முன்புறம், அதாவது பொறி அறைக்குள், எஃகு இணைப்பிகளே விரும்பப்படுகின்றன. தீச்சோதனைக்குப் பயன்படும் சுடரின் வெப்பநிலை ஏறத்தாழ 1,093 பாகை செல்சியசு. தூய அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். நெகிழ்குழாயின் மேல் சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழை உறை அணிவிக்கப்படுகிறது. 5 நிமிடம் சுடரைத் தாங்குவது தீயெதிர்ப்பு வகை எனவும், 15 நிமிடம் தாங்குவது தீப்புகா வகை எனவும் கூறப்படும். 

அழுத்தமானிக்குச் செல்லும் குழாயின் பொறிமுனையில் மிகச் சிறிய துளையுடைய இணைப்பி பொருத்தப்படும். குழாய் அறுந்தாலும் எண்ணெய் மெதுவாகவே வெளியேறும். அழுத்த உணரியைப் பித்தளை இணைப்பியில் நேரடியாகப் பொறி மீது நிறுத்துவது பொதுவான பிழையாகும். உணரியின் எடை அதிர்வில் இணைப்பியை முறித்துவிடும்.

பொருத்துதல்

அழுத்தம் ஏறும்போது நெகிழ்குழாய் சுருங்கும். எனவே அதன் நீளத்தில் 5 முதல் 8 விழுக்காடு தளர்வு விடப்படுகிறது. குழாயின் மேல் அச்சிட்ட நெடுங்கோடு முறுக்கிக் காணப்பட்டால் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும். இணைப்பியைச் செருகும்போது உட்சுவர் கிழிந்து மடல் போலத் தொங்கி ஓட்டத்தை மறிப்பதுண்டு. வெளியே ஏதும் தெரியாது என்பதால் பொருத்திய பின் உள்ளே ஒளி பாய்ச்சியோ எஃகுக் குண்டு உருட்டியோ பார்க்கப்படுகிறது. இரப்பர் நெகிழ்குழாய்க்கு ஆயுள் வரம்பு உண்டு. ரோட்டாக்சு பொறிகளில் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றப்படும்.

இந்தியாவில்

பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம், தனிநபர் கட்டும் லாங்-ஈசி வடிவமைப்பைத் தழுவி உருவாக்கிய இலகு வானூர்தி 1987 இல் பறந்தது. கேரளத்தின் சஜி தாமஸ் கட்டிய சிறு வானூர்தி 2014 இல் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் பறக்கவிடப்பட்டது. மும்பையில் அமோல் யாதவ் கட்டிய வானூர்திக்கு 2017 இல் பதிவு கிடைத்தது.