கால் வேலி எத்தனை சென்ட்?

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வழியாகப் பாலாற்றைக் கடந்து தெற்கே போனால் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துத் தேர்தல் விதிகள் வெட்டப்பட்டுள்ளன. குடவோலையில் பெயர் இடம்பெற, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. வேதம் கற்றவருக்குச் சலுகை உண்டு. அரைக்கால் வேலியே போதும்.

கால் வேலி எவ்வளவு? பிற்காலக் கணக்கில் ஒரு வேலி 2,88,000 சதுர அடி. அதில் கால் பங்கு 72,000. இதே நிலம் காணியில் ஒன்றேகால், கிரவுண்டில் 30, சென்டில் 165, பட்டாவில் சுமார் 67 ஏர்.

‘ஒன்றேகால் காணி பெரிதா, 165 சென்ட் பெரிதா?’ என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். 165 என்றுதான் கை தூக்கும். பெரியவர்களும் அதில் ஏமாறுகிறவர்களே. மனை விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அலகு சிறுத்தால் எண் பெருக்கும். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட முடியும். 30 கிரவுண்டையும் 67 ஏரையும் சதுர அடியாக்கினால், ஏர்ப்பக்கம் நூறு சதுர அடிக்குச் சற்று மேல் கூடுதல். ஓர் அறை போடலாம்!

அலகின் பெயர் ஒன்றாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. தஞ்சையில் குழி என்பது 12 அடிக் கோலால் அளந்த சதுரம்: 144 சதுர அடி. செங்கல்பட்டுப் பக்கம் கோல் 24 அடி. கோல் இரட்டிப்பானதால் குழியும் இரட்டிப்பு என்று நினைக்கத் தோன்றும். நீளம், அகலம் இரண்டுமே இரட்டிப்பதால் பரப்பு நான்கு மடங்கு: 576. தஞ்சையில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. செங்கல்பட்டுப் பக்கம் 100 குழி ஒரு காணி, 5 காணி ஒரு வேலி. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் அதே 2,88,000.

சோழர் காலத்திலும் ஊருக்கு ஊர் கோல் மாறியது. ஆகவே பராந்தகன் காலத்துக் கால் வேலி சரியாக 72,000 சதுர அடிதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கல்வெட்டுகள் பலவற்றில் ‘பதினாறு சாண் கோல்’ என்று கோலின் நீளமும் சேர்ந்தே வருவது இதனால்தான். சரி, யாருடைய சாண்? அந்தச் சண்டை வராமலிருக்கச் சில கோயில்களில் கோலின் அளவையே கல்லில் குறித்துவைத்தார்கள். பிரான்ஸ் 1799-இல் மீட்டருக்கென்று பிளாட்டினத்தில் ஒரு கோல் செய்து பாதுகாத்ததும் இதே காரணத்துக்காகத்தான். 1983 முதல் அந்த வேலையை ஒளி செய்கிறது: வெற்றிடத்தில் ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் ஒளி கடக்கும் தூரமே ஒரு மீட்டர்.