தொட்டியில் விழுந்த துளை



பாய்மரப் படகை இயக்குவது காற்று. அவ்வாறிருக்க, அதற்கு எரிபொருள் எதற்கு என்று நீங்கள் வினவலாம். காற்று ஓய்ந்தபோது கரை சேரவும், நெரிசல் மிக்க துறைமுகத்துள் பிற கலங்களில் மோதாமல் நுழையவும், இக்காலத்துப் பாய்மரப் படகுகள் பல சிறு டீசல் எந்திரம் ஒன்றைக் கொண்டுள்ளன. அதற்கு வேண்டிய எண்ணெய் பெரும்பாலும் தளப் பலகைகளுக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத உலோகத் தொட்டியில் இருக்கும். அத்தொட்டி கசிந்தால் செய்ய வேண்டியது யாது? இதனையே இன்று ஆராய்வோம்.

கசிவு என்றதும் துளையைத் தேடி அடைக்க முனைவது மனித இயல்பு. ஆனால், எண்ணெய் தேங்கிய இடம் ஒன்றாகவும் கசிந்த இடம் வேறாகவும் இருத்தல் கூடும். எனவே, முதலில் அனைத்தையும் துடைத்து உலர்த்தி, குழாய் இணைப்புகளின் கீழ் வெள்ளைத் தாளை விரித்துக் காண வேண்டும். தொட்டி நிறைந்துள்ளபோது மட்டும் கசிந்தால், மேற்புற இணைப்புகளை ஐயுறலாம். எண்ணெய் ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு இறங்கியதும் கசிவு நின்றால், துளை அம்மட்டத்தில் உள்ளது. காற்றின் வேகத்தால் படகு ஒருபுறம் சாயும்போது மட்டும் கசிந்தால், சாய்ந்த பக்கத்தை ஆராய வேண்டும். தொட்டியை வெறுமையாக்கி, வாய்களை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்திச் சோப்பு நீர் தடவினால், துளையுள்ள இடத்தில் குமிழி எழும்.

இனி, துளை விழுந்த காரணம் யாது? அலுமினியத்தைக் காப்பது அதன் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம். அது சிதைந்த இடத்தில் மீண்டும் உருவாக உயிர்வளி வேண்டும். ஈரம் உறிஞ்சிய மரமோ பஞ்சுப்பொருளோ தொட்டியோடு ஒட்டிக் கிடந்தால், அங்கே உப்புநீர் தங்கும், காற்றோ புகாது. அங்கேதான் குழி விழுகிறது. தொட்டியின் உட்புறத்திலும், டீசலைவிடக் கனமான நீர் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கலாம்.

இருவேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடுவதும் தீங்கே. 1761ஆம் ஆண்டில் 'அலாரம்' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு வேய்ந்தனர். 1763இல் சோதித்தபோது, செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரிபட்டிருந்தன. இடையே பழுப்புத் தாள் எஞ்சியிருந்த இடங்களில் ஆணிகள் நலமாயிருந்தன. அலுமினியத் தொட்டியில் பித்தளை இணைப்பைப் பொருத்துவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெறுமையான தொட்டியில் ஆபத்தில்லை என்று எண்ணி அதன்மீது பற்றவைப்புச் சுடரை வைத்தல் உயிருக்கே உலை வைப்பதாகும். டீசல் எளிதில் தீப்பற்றாது என்பது உண்மையே; ஆயினும் உட்சுவரில் ஒட்டியுள்ள எண்ணெய் சுடரின் வெப்பத்தால் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றோடு கலந்து வெடிக்கக்கூடும். பெட்ரோல் இன்னும் கொடியது. அதன் ஆவி, காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். அது காற்றைவிடக் கனமாதலின், வெளியேற வழியின்றிப் படகின் அடியில் தேங்கி நிற்கும். ஆகவே, தொட்டியைப் படகினின்று அகற்றி, கழுவி, ஆவி முற்றிலும் நீக்கிய பின்னரே, பயிற்சி பெற்றவர் அதனைப் பற்றவைக்க வேண்டும்.

எண்ணெய்ப் பசை நீக்கிய மேற்பரப்பில் எப்பாக்சிப் பசையும் கண்ணாடியிழைத் துணியும் ஒட்டுவது, கரை சேரும் வரைக்கான தற்காலிக உதவியே. ஒரு துளை விழுந்த தகட்டில் மெலிந்த இடங்கள் வேறு பல இருக்கும். புதிய தொட்டி அமைப்பதே பெரும்பாலும் அறிவுடைமை. அதனையும் ஈரம் உறிஞ்சாத தாங்கிகளின்மீது, சுற்றிலும் காற்று உலவுமாறு அமைத்தல் வேண்டும். பழைய இடத்தில் பழைய ஈரத்தை விட்டுவைத்துப் புதிய தொட்டியை அமர்த்தினால், அதுவும் ஒருநாள் கசியும். கசிந்த எண்ணெயைக் கடலில் இறைத்துவிடாமல், கலத்தில் சேகரித்துக் கரையில் ஒப்படைப்பதும் நம் கடமை.

துளையை அடைப்பவன் ஒரு பயணத்தைக் காக்கிறான். துளையின் காரணத்தைக் களைபவன் படகையே காக்கிறான்.