லீவு ட்ரெயினிங்: கையெழுத்துக்கு முன்

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகளைக் கம்பெனிகள் ‘லீவு ட்ரெயினிங்’குக்கு அழைக்கின்றன. ஐ.டி.ஐ. சேர்க்கைக்குக் கடைசி நாளும் நெருங்குகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்ட பெற்றோரின் கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: இந்த இரண்டு மாதம் அப்ரண்டிஸ் கணக்கில் சேருமா?

சேராது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நடக்கும் பயிற்சி குறைந்தது ஆறு மாதம். ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப் பதிவாகாத கோடைப் பயிற்சியின் முடிவில் தரப்படும் சான்றிதழ், தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் ஆகாது.

சரி, முறையான அப்ரண்டிஸாகவே சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கற்றுக்கொண்டே சம்பாதிக்கலாம்’ என்கிறது அரசுத் தரப்பு. சட்டத்தில் சம்பளம் என்ற பேச்சே இல்லை, உதவித்தொகைதான். 2019 திருத்தம் வைத்த குறைந்தபட்சம், படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 வரை, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000. அதிலும் கால் பங்கை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. ஏனென்றால் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது: அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல.

என்னை உறுத்துவது இன்னொரு கணக்கு. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை வைத்துக்கொள்ள வேண்டும். மேடைகளில் 2.5தான் பேசப்படும்: இளைஞருக்கு வாய்ப்புத் தரக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துகிறோம் என்று. பார்க்க வேண்டியது 15. பயிற்சிப் பையன்களை வைத்தே லைனை ஓட்டிவிடாமல் தடுக்கும் வேலி அதுதான். 2019 வரை அது 10 ஆக இருந்தது.

எதில் 15 சதவீதம் என்று பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த மொத்தத்தில். நிரந்தரம் 400, ஒப்பந்தம் 600 என்று ஒரு ஆலை இருந்தால் மொத்தம் 1,000. ஆக 150 அப்ரண்டிஸ்கள் வரை வைக்கலாம். நிரந்தரத் தொழிலாளரை மட்டும் வைத்துப் பார்த்தால் அது 37.5 சதவீதம்! நிரந்தர ஆளை எடுத்துவிட்டு ஒப்பந்த ஆளைப் போட்டாலும் வரம்பு இறங்காது. ஒப்பந்த ஆள் கூடினால் வரம்பும் கூடும். இதை எழுதியவருக்குக் கணக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

அந்த 150 பேரும் தொழிற்சங்கக் கணக்கில் வரமாட்டார்கள். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம் தொழிலாளி என்பதற்கு ‘அப்ரண்டிஸ் உட்பட’ என்று விளக்கம் தந்தது. 18ஆம் பிரிவு இருந்ததால் அந்த வார்த்தைக்குப் பலம் குறைவுதான். இருந்தாலும் ஏட்டில் இருந்தது. 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதையும் திருப்பிப்போட்டு ‘அப்ரண்டிஸ் நீங்கலாக’ என்று எழுதிவிட்டது.

மிச்சமிருக்கும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். விபத்தில் காயம்பட்டால் தொழிலாளிக்கு உரிய இழப்பீடு அப்ரண்டிஸுக்கும் உண்டு. பாதுகாப்பு, சுகாதார விதிகளிலும் அவரைத் தொழிலாளி போலவே நடத்த வேண்டும். அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓ.டி. பார்க்கச் சொல்லக் கூடாது; அவராகவே விரும்பினாலும் பார்க்கவிடக் கூடாது. சூப்பர்வைசர் ‘ஆளில்லைப்பா, இன்னைக்கு மட்டும்’ என்று கேட்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மற்ற கேள்விகள்:

வயது? 14, ஆபத்தான தொழில்களுக்கு 18.

ஐ.டி.ஐ. படிக்காமல் சேரலாமா? சேரலாம், சில பிரிவுகளில்.

உதவித்தொகை உயருமா? 36 சதவீதம் உயர்த்தச் சொல்லி 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரைத்தது.

முடித்தால் வேலை உண்டா? கட்டாயமில்லை. ‘பயிற்சிக்குப் பின் இங்கேயே வேலை பார்க்க வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், வேலை கொடுக்கக் கம்பெனியும் கட்டுப்பட்டது. அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டுமா? 18 வயது நிரம்பாதவருக்குப் போட வேண்டும்.