மீனவ கிராமத்தில் இருந்து ஒரு வழக்கறிஞர் வந்தால் என்ன மாறும்? பழவேற்காடு சொல்லும் பாடம்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இறால், நண்டு, மடவை என ஏரி தருவதை நம்பித்தான் கரையோர மீனவ கிராமங்கள் ஓடுகின்றன. அந்த ஏரிக்கு ஆபத்து வந்தபோது கைகொடுத்தது ஒரு வழக்கு.

என்ன வழக்கு அது?

1990களில் கிழக்குக் கடற்கரை நெடுக இறால் பண்ணைகள் முளைத்தன. பண்ணைக் கழிவு நீர்நிலைகளில் கலந்தது. குடிநீர்க் கிணறுகள் உப்பாகின. மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியும் பல இடங்களில் அடைபட்டது. 1994ல் காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்காக வாதாடியவர் எம்.சி.மேத்தா.

1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணை கூடாது. சில்கா, பழவேற்காடு ஏரிகளில் இருந்து 1,000 மீட்டருக்குள்ளும் கூடாது. பாரம்பரிய முறை வளர்ப்புக்கு மட்டும் விலக்கு.

ஜெயித்ததோடு முடிந்ததா?

இல்லை. 2005ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடலோர மண்டலத் தடையில் இருந்து இந்தத் தொழிலுக்கு விலக்கும் கொடுத்தது. ஒரு தீர்ப்பு வாங்கினால் போதாது, அதன்பிறகு என்ன நடக்கிறது என்று தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

இப்போது என்ன கவலை?

காட்டுப்பள்ளி துறைமுகம். 2018ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த இந்தத் துறைமுகத்தை 330 ஏக்கரில் இருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ரத்தானது. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்ததும் தள்ளிப்போனது.

எங்கே போவது, எத்தனை நாளில்?

சுற்றுச்சூழல் வழக்குகளுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது. ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தால், 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு மூடிவிடும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ரூ.1,000. வழக்கறிஞர் இல்லாமல் நேரில் ஆஜராகவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால், நூற்றுக்கணக்கான பக்கம் கொண்ட ஆய்வறிக்கையை 30 நாளில் படித்து, அதில் ஓட்டை எங்கே என்று பிடிக்க அனுபவம் வேண்டாமா?

ஃபீஸ் கொடுக்கக் காசு இல்லையே?

1987ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வேறு சில பிரிவினரைத் தவிர மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தீர்ப்பாய வழக்குகளுக்கும் இந்த உதவி பொருந்தும். நண்டு பிடிக்கும், மீன் விற்கும் பெண்கள் மனுதாரர்களாக வந்தால் இந்த வழி நேராகத் திறக்கும். உதவி எண்: 15100.

ஊர்ப் பிள்ளைகளே வக்கீலானால்?

அதற்கும் ஒரு தடை குறைந்திருக்கிறது. சட்டம் படித்து முடித்தவர்கள் பார் கவுன்சிலில் பதிவு செய்ய, சில மாநிலங்களில் ரூ.40,000க்கு மேல் கேட்டார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. பொதுப் பிரிவினருக்கு ரூ.750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.125. அதற்கு மேல் பதிவுக் கட்டணமாக வாங்கக் கூடாது.

எந்தக் கரையில் எந்த வலை போடுவார்கள், யாருக்கு எந்த நாள் 'பாடு' என்பதெல்லாம் எந்த ஆய்வறிக்கையிலும் முழுசாக இருக்காது. அதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த ஒருவர் கறுப்பு கவுன் போட்டால், அந்த 30 நாளில் ஏரியை விளக்கிச் சொல்லவே நேரம் போகாது. நேராக வாதத்துக்குப் போய்விடலாம்.